மருந்து எழுதாத டாக்டருக்கு

மருந்து எழுதாத டாக்டருக்கு, முப்பத்தாறு வருடமாக மற்றவர்கள் எழுதிய மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்த அம்மா எழுதுவது.

நேற்று ஒரே நாளில் நம் வீட்டுக்கு இரண்டு செய்திகள் வந்தன. காலையில் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கூப்பிட்டு, மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த என் ஓய்வுத் தாள்களில் ஏழு இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "சிஸ்டர், இந்த மாசக் கடைசியில விசா கேன்சல். கலாஸ், அவ்வளவுதான்" என்றார்கள். சாயங்காலம் நீ போன் செய்து, யுனிவர்சிட்டியில் உன் வேலை நிரந்தரமாகிவிட்டது என்று சொல்லி அழுதாய். இனிமேல் உன்னை யாரும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. என்னை அனுப்பிவிட்டார்கள். உன் அப்பா இரண்டையும் கேட்டுவிட்டு, இத்தனை வருடம் புஜைரா துறைமுகத்தில் எண்ணெய் டேங்குகளின் மட்டம் பார்த்த பழக்கத்தில், "ஒரு பக்கம் ஏறிச்சு, ஒரு பக்கம் எறங்கிச்சு. லெவல் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு டீ போடப் போனார்.

நான் உனக்கு ஒழுங்காக ஒரு வாழ்த்துகூடச் சொல்லவில்லை. "அங்க குளிரா மக்ளே?" என்று கேட்டேன். பதில் தெரியாத இடத்திலெல்லாம் நான் குளிரைப் பற்றிக் கேட்பேன் என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் கட்ட வேண்டிய பெட்டிகளை அப்படியே போட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதும்போது நீ இடையில் புகுந்து என்னைத் திருத்த முடியாது. அதுவே பெரிய வசதி.

நீ சின்ன வயதிலேயே சிந்திக்கிற பிள்ளையாக இருந்தாய் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். அப்போது அப்படிச் சொல்லவில்லை. அப்போது அதற்குத் தொல்லை என்று பெயர். ஏழு வயதில், வார்டு நர்ஸ் ஸ்டேஷன் முன்னால், ஒரு பெரிய சர்ஜன் நின்றுகொண்டிருக்கும்போது, "அம்மா, நர்ஸை எல்லாரும் சிஸ்டர்னு கூப்பிடுறாங்களே, டாக்டரை ஏன் பிரதர்னு கூப்பிடல?" என்று கேட்டாய். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் உன் காதைத் திருகினேன். ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாதம் எங்கள் டியூட்டி ரூமில் அவருக்கு 'பிரதர்' என்றுதான் பெயர். இது உனக்குத் தெரியாது. திருகிய காதுக்கு நஷ்டஈடாக வைத்துக்கொள்.

நான் இரண்டு மணி டியூட்டிக்குப் போகும் நாட்களில் உன் பள்ளிக்கூட பஸ் உன்னை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடும். அப்பா ஷிப்ட் முடித்து வந்து கூட்டிப்போகும்வரை நர்ஸுகளின் பாண்ட்ரியில், டீ டப்பாக்களுக்கு நடுவே, வீட்டுப்பாடம் எழுதுவாய். அங்கேதான் வஞ்சிரு உனக்குப் பழக்கமானாள். கென்யாக்காரி. என்னோடு அதே வார்டில் வேலை பார்த்தவள். ஆறடி உயரம், வார்டின் அந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டால் இந்தக் கோடியில் தூங்குகிற நோயாளி எழுந்து உட்காருவான். அவள் பெயரை எங்கள் மருந்துக் கடை மெட்ராஸ்காரர் ஒருவர் 'வஞ்சிரம்' என்று மீனாக்கிவிட்டார். நாங்கள் தமிழ் நர்ஸுகள் எல்லோரும் சிரித்துக்கொண்டு அப்படியே கூப்பிட்டோம். நானும் கூப்பிட்டேன். எட்டு வயதில் நீதான் என் யூனிஃபார்மைப் பிடித்து இழுத்து, "அது அவங்க பேர் இல்லம்மா. உங்களை யாராவது நெத்திலின்னு கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பீங்களா?" என்று கேட்டாய். கேட்டது அவள் காதில் விழும்படி. அவளுக்கு விளக்கமும் சொன்னாய். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் பாண்ட்ரி கண்ணாடி அதிர்ந்தது. அதற்குப் பிறகு அவள் என்னை ஒரு வாரம் 'நெத்திலி சிஸ்டர்' என்றுதான் கூப்பிட்டாள். நியாயம்தான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். உனக்கு நான் சிவப்பாக்கும் கிரீம் வாங்கித் தந்தேன். நாலு மணிக்கு முன்னால் வெளியே போகாதே, கறுத்துப்போவாய் என்று கதவைப் பூட்டினேன். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள், என் அப்பாவும் அண்ணன்மாரும் வள்ளத்தில் வெயிலைக் குடித்தே வளர்ந்தவர்கள். எனக்கு எங்கிருந்துதான் அந்தப் புத்தி வந்ததோ. நீ சண்டை போடவில்லை. பதினைந்து வயதில் அந்த கிரீமை நாற்பது நாள் முகத்தின் இடது பக்கம் மட்டும் பூசினாய். நாற்பத்தோராம் நாள் சாப்பாட்டு மேஜையில் ஜன்னல் வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டி, "அப்பா, நீங்கதானே லெவல் பாக்குறவர். சொல்லுங்க. வித்தியாசம் உண்டா?" என்றாய். உன் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து வேலை நேரத்து முகத்தோடு பார்த்தார். "ரெண்டு டேங்கும் ஒண்ணுதான்" என்றார். அன்றோடு நம் வீட்டில் அந்த கிரீம் முடிந்தது. மிச்சத்தை நான் காலில் வெடிப்புக்குப் போட்டேன். அதற்கும் கேட்கவில்லை.

உனக்குப் பதிமூன்று வயதில் வஞ்சிருவின் வேலை போனது. அவள் ஊருக்குப் போனாள். எல்லாவற்றுக்கும் ஏன் என்று கேட்கும் நீ அதற்கு மட்டும் கேட்கவில்லை. எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியின் யோக்கியதையைப் பின்னால் சொல்கிறேன்.

நீ டாக்டராக வேண்டும் என்று நான் முடிவு செய்திருந்தேன். ஸ்டெதஸ்கோப்புகூடப் பார்த்து வைத்திருந்தேன், ஊதா நிறம். நீ தத்துவம் படிக்கப்போகிறேன் என்றாய். "அது சாமியார் படிப்பு இல்லியா?" என்றார் அப்பா. பிறகு அமெரிக்கா போய், அங்கே கறுப்பினப் பெண்கள் எழுதிய சிந்தனைகளை ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்றாய். நானும் அப்பாவும் போனை மேஜைமேல் வைத்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்தோம். கடைசியில் நான்தான், "நம்ம ஊர்ப் பொம்பளைகளப் பத்திப் படிக்கப்படாதா மக்ளே? அவியளப் பத்திப் படிக்க அவிய இல்லியா?" என்று கேட்டேன். நீ கோபப்படவில்லை. "அம்மா, நான் அவங்களைப் பத்திப் படிக்கல. அவங்ககிட்ட படிக்கிறேன்" என்றாய். எனக்கு அந்த வித்தியாசம் அன்று பிடிபடவில்லை. அங்கே குளிரா என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு பத்து வருடம். பட்டம் வாங்கினாய். ஆனால் வேலை ஒரு வருட காண்ட்ராக்ட். முடிந்தால் புதுப்பிப்பார்கள், இல்லாவிட்டால் வேறு ஊர். விசா முடிகிற தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தாய். மூன்று ஊர் மாறினாய். ஒவ்வொரு இண்டர்வியூவிலும் யாராவது ஒருவர், இது நிஜமாகவே தத்துவம்தானா என்று கேட்பாராம். இன்னொருவர், கல்ஃபில் வளர்ந்த தமிழ்ப் பெண்ணுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பாராம். நீ போனில் இதையெல்லாம் சொல்லி அழும்போது உன் அப்பா ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ நீ இவ்வளவு படிச்சு அமெரிக்காவுக்குப் போயி கல்ஃப் வேலைதான் பாத்துட்டு இருக்க. உனக்க கஃபீல் யாரு மக்ளே?" என்று கேட்டார். நீ அழுகையை விட்டுவிட்டுச் சிரித்தாய். உன் அப்பா நகைச்சுவைக்குச் சொல்லவில்லை. விசா கொடுக்கிற அந்த கஃபீலின் பெயர் தெரிந்தால் நேரில் பேசிப் பார்க்கலாம் என்று நிஜமாகவே நினைத்தார்.

உன் புத்தகம் வந்தபோதும் அவர்தான் முதலில் படித்தார். டிக்ஷனரியும் ஸ்கேலும் வைத்துக்கொண்டு, வரிக்கு வரி ஸ்கேலை நகர்த்தி. ஷிப்ட் முடிகிறபோது எழுதுவதுபோலவே நோட்டில் எழுதி வைப்பார். நான் ரகசியமாகப் பார்த்தேன். 'பக்கம் ஒன்று முதல் பதினான்கு வரை பார்வையிடப்பட்டது. கசிவு எதுவும் இல்லை. ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் பதினொரு வரி நீளம், கண்காணிக்க வேண்டும்.' துறைமுகத்தில் யாராவது உன் வேலை என்ன என்று கேட்டால், "கேள்வி கேக்குற வேலை. சம்பளமும் குடுத்துக் கேக்கச் சொல்லுதாவ" என்பார். அவர் உண்மையைச் சொன்னார். நான்தான் சொல்லவில்லை.

நீ பட்டம் வாங்கிய வாரம் நம் தமிழ் ஜெபக்கூட்டத்தில் லட்டு கொடுத்து, "எனக்க மக டாக்டர் ஆயிட்டா" என்றேன். பொய் இல்லை, உன் பெயருக்கு முன்னால் அந்த எழுத்து வந்துவிட்டது. "எதுல ஸ்பெஷலிஸ்ட்?" என்று கேட்டார் ததேயுஸ் அண்ணன், குளச்சல்காரர், சாரம் கட்டும் கம்பெனியில் ஃபோர்மேன். நான் லட்டு டப்பாவைப் பார்த்துக்கொண்டு, "பொம்பளைகள் சம்பந்தமா" என்றேன். அதுவும் பொய் இல்லை. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து புஜைரா, கல்பா, திப்பா மூன்று ஊர்த் தமிழ்ப் பெண்களுக்கும் நீ அமெரிக்காவில் இருக்கும் பெண்கள் டாக்டர். உன்னிடம் கேட்க வேண்டிய சந்தேகங்களை அவர்கள் வருடக்கணக்கில் சேர்த்து வைத்தார்கள். நீ லீவுக்கு வரும்போதெல்லாம் நான் ஜெபக்கூட்டத்தை நம் வீட்டில் வைக்காமல் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

போன டிசம்பரில் தப்பிக்க முடியவில்லை. ஷார்ஜாவில் ஒரு யுனிவர்சிட்டி உன்னைப் பேசக் கூப்பிட்டது. நீ மூன்று வாரம் முன்பே வந்துவிட்டாய். இரண்டாம் நாள் காலை கதவு தட்டிய சத்தம் கேட்டு நீதான் திறந்தாய். ததேயுஸ் அண்ணனின் மனைவி ரோஸ்லின் ஒரு பெரிய எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். நான் சமையலறையில் கை கழுவிக்கொண்டு வருவதற்குள் அவள் உன் கையில் படத்தைக் கொடுத்துவிட்டாள். நீ அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாய், தலைகீழாக. பிறகு மெதுவாக, "ஆன்ட்டி, நான் இந்த டாக்டர் இல்ல" என்றாய். அவள் என்னைப் பார்த்தாள். நீயும் என்னைப் பார்த்தாய். நான் டீ போடப் போனேன். நம் வீட்டில் எல்லோருக்கும் அது ஒரு வழி.

திரும்பி வந்தபோது நீ அவள் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய். சாப்பிட்டால் வலப்பக்கம் பிடித்துக்கொள்கிறது, தோள்பட்டைக்கு ஏறுகிறது, மூன்று வருடமாக. மூன்று தடவை கிளினிக் போய் மூன்று தடவையும் 'வாயுத் தொல்லை'. ஒரு தடவை 'வீட்டில் ஏதாவது டென்ஷனா' என்று கேட்டார்களாம். "டென்ஷன் இருக்குதான். எனக்க வலிய யாரும் நம்பலியே, அந்த டென்ஷன்" என்றாள் ரோஸ்லின். நீ ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாய். ஒரு மணி நேரம். போகும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எக்கா, ஒரு டாக்டரும் எனக்க முகத்தப் பாத்து இவ்வளவு நேரம் கேட்டதில்ல. எல்லாரும் கம்ப்யூட்டரப் பாத்துதான் பேசுவாவ" என்று அழுதாள். "ஆன்ட்டி, நான் டாக்டர் இல்ல" என்று நீ இன்னொரு தடவை சொன்னாய். அவள் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் நீ அவளோடு கிளினிக்குக்குப் போனாய். நானும் வந்தேன், யூனிஃபார்மில், மத்தியான டியூட்டிக்கு முன்னால். ரிசப்ஷனில் பெயர் கேட்டபோது நீ பழக்கதோஷத்தில் பெயருக்கு முன்னால் இருப்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டாய். உள்ளே இருந்த டாக்டர், அமெரிக்காவிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று எழுந்தே நின்றார். நீ சண்டை போடவில்லை. நோட்டைத் திறந்து, அவள் சொன்னதை அவள் சொன்ன வரிசையிலேயே வாசித்துவிட்டு, "டாக்டர், இவங்க சொல்றதை நீங்க நம்பலன்னா, எதை வச்சு நம்பலன்னு மட்டும் சொல்லுங்க. எழுதிக்கிறேன்" என்றாய். அவர் பேனாவை மூடினார். திறந்தார். ஸ்கேன் எழுதினார். பித்தப்பையில் கல். ஒன்றில்லை, ஒரு கூட்டம். அடுத்த வாரமே ஆபரேஷன். புஜைரா முழுவதும், அமெரிக்கா டாக்டர் நோயாளியைத் தொடாமலே கல்லைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று பேச்சு. நான் சொன்ன அரைப் பொய், இனி எந்த மருந்துக்கும் குணமாகாத நிலைக்குப் போனது.

ஆனால் மக்ளே, அந்த அறையில் சுவரோரமாக நின்ற எனக்கு வேறொரு அறை ஞாபகம் வந்தது. அன்று மத்தியானம் டியூட்டியில் இரண்டு தடவை ஊசி மருந்தை எடுத்துவிட்டு எதற்கு எடுத்தேன் என்று நின்றேன்.

ஷார்ஜாவுக்கு ஜெபக்கூட்டமே கிளம்பியது. ததேயுஸ் அண்ணன் கம்பெனி வேனைக் கேட்டு வாங்கி, பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு, "யல்லா, யல்லா" என்று எல்லோரையும் விரட்டினார். பாதி வழியில்தான் அவர் அதை மெடிக்கல் கேம்ப் என்று நினைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. "சுகர் டெஸ்ட் உண்டுமா? நான் காலைல ஒண்ணும் சாப்பிடல" என்றார். உன் அப்பா தன் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நீட்டினார்.

நீ பேசிய ஆங்கிலத்தில் பாதி எனக்குப் புரியவில்லை என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். வார்டு இங்கிலீஷ் எனக்குப் போதுமானது. ஒருத்தி உண்மையைச் சொல்கிறாள், ஆனால் சொல்பவள் யார் என்று பார்த்து அந்த உண்மையைத் தள்ளிவிடுகிறார்கள், இதைக் கறுப்பினப் பெண்கள் எல்லோருக்கும் முன்பே அனுபவித்து, யோசித்து, எழுதிவைத்தார்கள், அதனால் நாம் அவர்களிடம்தான் படிக்க வேண்டும் என்றாய். பிறகு இரண்டு நர்ஸுகளின் கதையைச் சொன்னாய். ஊர் பெயர் இல்லை, ஆள் பெயர் இல்லை. ஆபரேஷன் முடிந்த ஒரு கிழவரின் வயிறு சரியில்லை என்று ஒரு நர்ஸ் டாக்டரிடம் சொன்னாள். அவர் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள். கேட்கவில்லை. கிழவர் சாவின் வாசல்வரை போய்ப் பிழைத்தார். விசாரணையில் டாக்டர், என்னிடம் யாரும் சொல்லவில்லை என்றார். பக்கத்துக் கட்டிலில் டிரெஸ்ஸிங் செய்துகொண்டிருந்த இரண்டாவது நர்ஸைக் கேட்டார்கள். அவள், நான் கவனிக்கவில்லை சார் என்றாள்.

உனக்கு எப்படித் தெரியும் என்று முதலில் யோசித்தேன். பிறகு டீ டப்பாக்கள் ஞாபகம் வந்தன. விசாரணை முடிந்து வஞ்சிரு பாண்ட்ரிக்கு வந்து, "நீ கேட்டாய். உனக்குக் காது இருக்கிறது. இரண்டு தடவையும் கேட்டாய்" என்றாள். நான் அவளிடம், "உனக்குப் புரியாது. எனக்கு விசா இருக்கிறது, பிள்ளை இருக்கிறது" என்றேன். அவள் திரும்பி உன்னைப் பார்த்தாள். அவளுக்கும் ஊரில் பிள்ளை இருந்தது. நீ கணக்கு நோட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாய். உனக்குக் கேட்கவில்லை என்று நான் இருபத்தொரு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். நான் சொன்ன சாக்கு நீதான். அந்தச் சாக்கைத் தூக்கிக்கொண்டுதான் நீ அமெரிக்காவரை போயிருக்கிறாய்.

கேள்வி நேரத்தில் நான் ஏன் எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. உன் அப்பா முந்தானையைப் பிடித்து இழுத்தார். மைக் என் கைக்கு வந்தது. "அந்த இரண்டாவது நர்ஸ் நான்தான்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. மைக் ஓடவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை தைரியமாக ஒன்றைச் சொல்லி, அதுவும் கேட்காமல் போனது. ஒரு பெண் ஓடி வந்து மைக்கில் எதையோ தட்டினாள். நான் இரண்டாம் தடவை சொன்னேன், வார்டு குரலில். "அந்த இரண்டாவது நர்ஸ் நான். நான் கேட்டேன். கேட்டுவிட்டுக் கேட்கவில்லை என்றேன்." நீ மேடையிலிருந்து தமிழில், "தெரியும்மா" என்றாய். அவ்வளவுதான். கூட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்து ததேயுஸ் அண்ணன் கைதட்டினார். அவர் தட்டியதைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள்.

நீ அங்கேயே யாரோடோ பேச நின்றுவிட்டாய். திரும்பி வரும்போது வேனில் நடந்ததை உன்னிடம் சொல்லவேண்டும். வேன் மசாஃபி மலையைத் தாண்டியது. பிறகு ரோஸ்லின், வயிற்றில் தையல்மேல் கை வைத்துக்கொண்டு, "எக்கா, அப்போ மக டாக்டர் இல்லியா?" என்று கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், லட்டிலிருந்து. ததேயுஸ் அண்ணன் வேனை ஓரத்தில் நிறுத்திவிட்டார். "பின்ன கல்லக் கண்டுபிடிச்சது ஆரு?" என்றார். "உங்க பொஞ்சாதிதான் அண்ணே. மூணு வருஷமா அதத்தானே சொல்லிட்டு இருந்தா" என்றேன். ரோஸ்லின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் சொன்னேன் இல்ல? சொன்னேன் இல்ல?" என்று தன் புருஷனை வீடு வரை விடவில்லை.

இப்போது நீ நிரந்தரம். எனக்குத் தெரிந்து நிரந்தரமானவர்கள் இரண்டு வகை. ஒரு வகை, நாற்காலியைச் சாய்த்துக்கொள்வார்கள். இன்னொரு வகை மிகக் குறைவு. உன் பக்கத்து அறையில் ஒரு வருட காண்ட்ராக்டில் ஒரு பிள்ளை இருப்பாள், காலண்டரில் வட்டம் போட்டுக்கொண்டு. அவள் மீட்டிங்கில் ஒன்று சொல்வாள், யாரும் கேட்டதுபோல் காட்டமாட்டார்கள். அப்போது நீ புத்தகத்தில் எழுதியதையெல்லாம் சொல்லவேண்டாம். "அவ சொன்னது எனக்குக் கேட்டுது" என்று மட்டும் சொல். எனக்கு அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் வக்கில்லாமல் போனது. பயந்தவள் சொல்கிறேன், பயம் பிள்ளைக்காக என்று சொல்லிக்கொள்வது மிகச் சுலபம். பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

நீ கிளம்பும்போது ஃப்ரிட்ஜில் ஒரு நம்பரை ஒட்டிவிட்டுப் போனாய். வஞ்சிரு இப்போது சவூதியில், அல் கோபாரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்குப் பாடம் எடுக்கிறாள், நீயும் அவளும் இத்தனை வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அன்றுதான் சொன்னாய். அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே நான் இரண்டு மாதம் பால் எடுத்தேன். தவக்காலம் வரட்டும் என்று தள்ளினேன். தவக்காலம் வந்தது, நோன்பு நேரத்தில் மனம் அலையக்கூடாது என்று ஈஸ்டருக்குத் தள்ளினேன். ஈஸ்டரும் போனபிறகு, ஒரு வெள்ளிக்கிழமை காலை, உன் அப்பா என் போனில் நம்பரை அழுத்தி என் காதில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

நான் என் பேரைச் சொன்னேன். மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். "நிறுத்து. வாயால் சொன்னதற்கு என்ன மதிப்பு என்று நமக்கு இரண்டு பேருக்கும் தெரியும். எழுதிக் கொடு. கையெழுத்துப் போட்டு. என் பெயரைச் சரியாக எழுதி" என்றாள். வைத்துவிட்டாள்.

டைப்பிங் சென்டருக்குப் போனேன். விசாவுக்கும் வாடகை ஒப்பந்தத்துக்கும் தாள் அடித்துத் தரும் அதே மலையாளி சேட்டன். "கம்ப்ளெயின்டா சேச்சி, அப்ளிகேஷனா?" என்றார். "ரெண்டும் இல்ல. நான் பொய் சொன்னேன்னு எழுதணும்" என்றேன். அவர் கம்ப்யூட்டரில் தேடிவிட்டு, "அந்த ஃபார்ம் மாஃபி, இங்க இல்ல. ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார். வெள்ளைத் தாளில் அடிக்கச் சொன்னேன். வஞ்சிரு இரண்டு தடவை சொன்னாள், நான் இரண்டு தடவையும் கேட்டேன், கேட்கவில்லை என்று நான் சொன்னது பொய், அதனால் அவள் வேலை போனது. நாலு வரிதான். அவர் அடித்து முடித்துவிட்டுக் கூலி வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, தனக்கும் இதே மாதிரி ஒன்று அடிக்க வேண்டியிருக்கிறது, ஒரு காப்பி வைத்துக்கொள்ளட்டுமா என்றார். பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன்.

அனுப்பிப் பதினொரு நாள் ஆயிற்று. போன ஞாயிறு குரல் செய்தி வந்தது. கடிதம் வந்தது, பெயர் சரி, வேறு இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை, அதைத் தன் மகளுக்கும் தன் மாணவிகளுக்கும் வாசித்துக் காட்டினாளாம். 'ஊருக்குப் போகும் முன் இங்கே வா. மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே. பசியோடு வா' என்றாள்.

டிக்கெட் போட்டாகிவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை தம்மாம், அவள் ஊருக்குப் பக்கத்து ஏர்போர்ட், அங்கிருந்து திருவனந்தபுரம். உன் அப்பா சாமான்களோடு தனியாக முன்னால் போகிறார். ஏர்போர்ட்டுக்கு அவளே வருகிறாளாம். நேற்று நீ போனை வைத்த பிறகு அவளைக் கூப்பிட்டு, இருபத்தொரு வருடம் ஆகிவிட்டதே, அந்தக் கூட்டத்தில் உன்னை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பேன் என்று கேட்டேன்.

"நீ தேட வேண்டாம். நான் கூப்பிடுவேன். நீ கேட்டால் போதும்" என்றாள்.

அம்மா